ஒக்கினாவாவின் கராத்தே: தோற்றமும் பரவலும்

கராத்தே ஜப்பானின் தொன்மையான போர்க்கலை என்னும் கருத்து உலகெங்கும் வேரூன்றியிருந்தாலும், அக்கலை உருவான ரியூக்கியூ தீவுகள் 1879 வரை தனி அரசாகவே இருந்தன. ஜப்பானின் முதன்மைத் தீவுகளில் வாழ்ந்தோர் 1920களில்தான் அதைப் பரவலாக அறியத் தொடங்கினர். இன்று பயிற்சிக்கூடங்களில் காணப்படும் வெள்ளைச் சீருடை, பட்டை வரிசை, அணியாக நின்று செய்யும் பயிற்சி ஆகிய அனைத்தும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் சேர்க்கப்பட்டவை. ஆகவே கராத்தேயின் வரலாற்றை ஆராய முற்படுவோர், கலையின் வேரையும் அதன் இன்றைய வடிவத்தையும் தனித்தனியாகக் காண வேண்டியிருக்கிறது.

கியூஷூவுக்கும் தைவானுக்கும் இடையில் வில்போல் வளைந்து கிடக்கும் ரியூக்கியூ தீவுகளின் தலைமைத் தீவே ஒக்கினாவா. அங்கிருந்த சிற்றரசுகள் 1372 முதல் சீனத்தின் மிங் பேரரசுக்குத் திறை செலுத்தத் தொடங்கின. 1429இல் அவை ஷூரியைத் தலைநகராகக் கொண்ட ஒரே அரசாக இணைந்தன. ஃபூஜியான் மாநிலத்திலிருந்து வந்த சீனக் குடும்பங்கள் நாஹா துறைமுகத்தை அடுத்த குமே என்னும் ஊரில் குடியேறியதும், ரியூக்கியூவின் தூதர்களும் மாணவர்களும் வணிகர்களும் ஃபூஜோ நகரில் தங்கிப் பழகியதும் தென்சீனத்தின் சண்டை முறைகள் தீவுக்கு வர வழி செய்தன. உள்ளூரில் ‘தே’ (கை) என வழங்கிய முறையோடு இவை கலந்து உருவானதே ‘தோதே’, அதாவது சீனக் கை. 1762இல் புயலால் தோசா கடற்கரையில் ஒதுங்கிய ரியூக்கியூ கப்பலில் இருந்தோர் கூறியவற்றைத் தொகுத்த ‘ஓஷிமா ஹிக்கி’ என்னும் ஜப்பானியக் குறிப்பேடு, குஷாங்கு என்ற சீனர் ரியூக்கியூவில் கைச்சண்டை முறையைச் செய்துகாட்டியதைப் பதிவு செய்கிறது. தாக்குதலும் தடுப்பும் ஒரு வரிசையில் கோக்கப்பட்ட தனிப்பயிற்சித் தொடரைக் கராத்தேயில் ‘கட்டா’ என்பர்; அத்தகைய கட்டாக்களுள் ஒன்று இன்றும் குஷாங்குவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆயுதம் பறிக்கப்பட்ட உழவர்கள் ஆட்சியாளரை எதிர்க்க இரவில் மறைவாகப் பயின்ற கலை இது என்னும் கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. 1609இல் ஜப்பானின் சத்சுமா பிரபுவின் படை ரியூக்கியூவை அடக்கியதும், அதன்பின் ஆயுதங்களுக்குக் கட்டுப்பாடுகள் வந்ததும் உண்மையே. ஆயினும் பெயர் தெரிந்த பழைய ஆசான்கள் பெரும்பாலும் ‘பெச்சின்’ எனப்பட்ட அதிகாரி வகுப்பைச் சேர்ந்தவர்களாக இருப்பதால், உழவர் கதைக்குச் சான்றின் வலு இல்லை. அரச மெய்க்காவலராகப் பணியாற்றிய மாட்சுமுரா சோகோன், அரசு எழுத்தராக இருந்த இத்தோசு அங்கோ ஆகியோரின் வாழ்க்கை, இக்கலை அரண்மனையையும் அலுவலகத்தையும் சுற்றியே வளர்ந்ததைக் காட்டுகிறது.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான மற்றொரு கதை, காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசராகக் கருதப்படும் போதிதர்மர் ஷாவோலின் மடத்துத் துறவிகளுக்குச் சண்டைக் கலையைக் கற்பித்தார் என்பதாகும். 547ஆம் ஆண்டையொட்டி யாங் ஷுவான்ஜி எழுதிய லோயாங் மடங்கள் பற்றிய நூல் அவரைப் பாரசீகத் துறவி என்கிறது. சற்றே பிந்திய தான்லின் என்பவரின் குறிப்பு அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. இரண்டிலும் சண்டைக் கலை பற்றிய பேச்சே இல்லை. அவரை உடற்பயிற்சியோடு இணைக்கும் ‘யிஜின் ஜிங்’ என்னும் நூல் பதினேழாம் நூற்றாண்டில் தோன்றியது. அதன் பழைய முன்னுரைகள் போலியானவை என்பதைச் சீன அறிஞர் தாங் ஹாவ் போன்றோர் நிறுவியுள்ளனர். தென்னிந்தியத் துறவி ஒருவர் சீனம் சென்றிருக்கலாம் என்பதை ஏற்போராலும் அவரிடமிருந்து கராத்தே வரை ஒரு வழியை வரலாற்றுச் சான்றால் இணைக்க முடியாது.

1879இல் ஜப்பான் ரியூக்கியூ அரசைக் கலைத்து ஒக்கினாவா மாவட்டமாக்கியபோது, பெச்சின் வகுப்பினர் தங்கள் பதவிகளை இழந்தனர். கலை நிலைக்க வேண்டுமானால் அதற்குப் புதிய புகலிடம் தேவைப்பட்டது. அப்புகலிடம் பள்ளிக்கூடமாக அமைந்தது. ஒக்கினாவாப் பள்ளிகளில் கற்பிக்கத் தொடங்கிய இத்தோசு, பழைய கட்டாக்களின் கடுமையைக் குறைத்து மாணவர்க்கு ஏற்ற ‘பினான்’ என்னும் ஐந்து கட்டாக்களை வகுத்தார். 1908இல் கல்வி அதிகாரிகளுக்காக அவர் எழுதிய பத்து நெறிகள், இப்பயிற்சி உடலை வலுப்படுத்துவதோடு வருங்காலப் படைவீரருக்கும் உதவும் என வாதிட்டன. ஓர் ஆசான் சில சீடருக்கு மறைவாகக் கற்பித்த கலை இவ்வாறு பொது உடற்கல்வியாயிற்று. அதே காலத்தில் ஃபூஜோவில் பயின்று திரும்பிய ஹிகாவோன்னா கன்ரியோவின் மரபிலிருந்து, அவருடைய சீடர் மியாகி சோஜுன் ‘கோஜு-ரியூ’ என்னும் பிரிவை உருவாக்கினார்.

இத்தோசுவின் மாணவரும் பள்ளி ஆசிரியருமான ஃபுனாகோஷி கிச்சின் 1922இல் தோக்கியோவில் நடந்த உடற்பயிற்சிக் கண்காட்சியில் கலையைச் செய்துகாட்டியது அடுத்த திருப்பமாகும். ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோ தந்த ஆதரவோடு ஜூடோவின் சீருடையும் பட்டை முறையும் கராத்தேயில் நுழைந்தன; 1924இல் கெய்யோ பல்கலைக்கழகத்தில் மன்றம் தோன்றியதும் பிற பல்கலைக்கழகங்கள் அதைப் பின்பற்றின. 1933இல் ஜப்பானின் அரசு சார்ந்த போர்க்கலைக் கழகம் கராத்தேயை ஏற்றது. சீனத்தோடு பகை முற்றிய அக்காலத்தில், ‘கராத்தே’ எனவும் படிக்கப்பட்ட ‘சீனக் கை’ என்னும் எழுத்து இடையூறாகத் தோன்றியதால், 1936இல் நாஹாவில் கூடிய ஆசான்கள் அதே ஒலியுடைய ‘வெறுங்கை’ என்னும் எழுத்தை ஆதரித்தனர்.

1945இல் ஒக்கினாவாப் போர் ஆசான்கள் பலரைப் பலிகொண்டது. எனினும் தீவிலும் ஜப்பானிலும் நிலைகொண்ட அமெரிக்கப் படைவீரர்கள் கலையைக் கற்றுத் தாயகம் கொண்டு சென்றனர். 1949இல் அமைந்த ஜப்பான் கராத்தே சங்கம் பயிற்சி பெற்ற ஆசான்களை வெளிநாடுகளுக்கு அனுப்பியது. மசுதாத்சு ஓயாமாவின் கியோகுஷின் பிரிவு முழு வலுவுடன் தாக்கும் போட்டிகளால் தனி வழி வகுத்தது. 1970இல் தோக்கியோவில் முதல் உலகப் போட்டி நடந்தது. 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்ற கராத்தே, 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை. தோக்கியோவில் ஆடவர் கட்டா பிரிவின் தங்கப் பதக்கத்தை ஒக்கினாவாவைச் சேர்ந்த கியூனா ரியோ வென்றார்.

இவ்வரலாற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது, கராத்தே ஒரு முனிவரிடமோ ஒரு நாட்டிடமோ தொடங்கி மாறாமல் வந்த கலை அன்று என்பது தெளிவாகிறது. துறைமுகம், அரண்மனை, பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம், படைமுகாம், விளையாட்டுக் கூட்டமைப்பு எனத் தன்னை ஏற்ற ஒவ்வொரு நிறுவனத்தின் தேவைக்கேற்பவும் அது மாற்றி அமைக்கப்பட்டது. அந்த மாற்றங்களே அது அழியாமல் பரவியதற்குக் காரணம்.