காடு திருத்திய தாய்மார்களும் பட்டாவில் இல்லாத பெயரும்

இந்நாட்டில் நம் சமூகத்தின் வரலாற்றைப் பேசும்போது துறைமுகம், நாணய மாற்று, மசாலைக் கடை, உணவுக்கடை என்று நகரத்தோடு நின்றுவிடுகிறோம். நம்மவர்களின் வணிகம் வேர்விட்ட இடங்களில் பெல்டா நிலக் குடியேற்றங்களும் உண்டு. பாட்டனார் காலத்தில் துணி மூட்டையோடும், தந்தையார் காலத்தில் வேனிலும், இப்போது பாசார் மாலாம் கடையிலுமாக அங்கே போய்வரும் மூன்றாம் தலைமுறை வணிகர்கள் நாங்கள். எங்களிடம் துணி எடுத்த மலாய்த் தாய்மார்கள் பட்ட பாட்டை இந்தப் பொன்விழா மலரில் பதிவு செய்வது எங்கள் கடமை.

நிலமற்ற ஏழைகளுக்கு நிலம் தர 1956 ஜூலை 1-ஆம் தேதி பெல்டா அமைக்கப்பட்டது. முதல் குடியேற்றம் பகாங், பெந்தோங் அருகே லூரா பீலூட்டில் உருவானது. பின்னர் குடியேறியவர்களுக்குக் குத்தகையாளர்கள் முன்கூட்டியே காட்டை அழித்துக் கொடுத்தார்கள். முதலில் வந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. கோடாரியும் பாராங்கும் கொண்டு அவர்களே மரங்களைச் சாய்த்தார்கள். திருமணமானவர்களையே விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள். தோட்டத்தை ஒரு ஆள் உழைப்பால் நடத்த முடியாது என்பது அரசாங்கத்துக்கும் தெரிந்திருந்தது. ஆக, மனைவியின் உழைப்பு தொடக்கத்திலேயே கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தது. பதிவேட்டில் மட்டும் அது ஏறவில்லை.

ஒரு குடும்பத்துக்குச் சுமார் 10 ஏக்கர் நிலம், வீட்டுமனையாகக் கால் ஏக்கர். ரப்பர் கன்று பால் வெட்டும் பருவத்துக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அதுவரை கிடைத்த மாதப்படியும் பின்னால் கழித்துக்கொள்ளப்படும் கடன்தான். அந்த ஆண்டுகளில் வீட்டைச் சுற்றி மரவள்ளியும் வாழையும் கீரையும் நட்டு அடுப்பை எரியவிட்டவர்கள் தாய்மார்களே. யானைக் கூட்டம் ஒரே இரவில் இளங்கன்றுகளை மிதித்துப் போட்டால், மறுநாள் மீண்டும் குழி தோண்டி நட வேண்டும்.

மரம் வெட்டுக்கு வந்தபின் வேலை இரட்டித்தது. விடியுமுன் நெற்றி விளக்கோடு கணவனும் மனைவியும் தோட்டத்துக்குப் போவார்கள். பால் எடுத்து, அமிலம் கலந்து உறையவைத்து வீடு திரும்பினால் சமையலும் துணி துவைப்பும் காத்திருக்கும். 1960-களில் செம்பனை வந்தது. குலையைக் கணவன் அறுக்க, சிதறிய பழங்களை முள்ளுக்கும் பாம்புக்கும் நடுவே குனிந்து பொறுக்குவது பெரும்பாலும் மனைவியின் வேலையாயிற்று.

இழப்புகளும் இருந்தன. பகாங்கில் எங்கள் பழைய வாடிக்கையாளரான ஒரு மக்சிக், குடியேறிய இரண்டாம் ஆண்டில் காய்ச்சலுக்குக் கைக்குழந்தையைப் பறிகொடுத்தவர். மழையில் செம்மண் பாதை சேறாகி லோரி புதைந்துவிட்டது. நகரத்து மருத்துவமனையை அடைவதற்குள் பிள்ளை மடியிலேயே இறந்துவிட்டது. அந்தக் குடியேற்றத்து மையவாடியில் தோண்டப்பட்ட முதல் குழி அதுதான். "மூன்றாம் நாள் தோட்டத்துக்குப் போய்விட்டேன், தம்பி. கன்றுகள் நமக்காகக் காத்திருக்குமா?" என்று அவர் எங்களிடம் சொன்னார்.

இத்தனைக்குப் பிறகும் நிலம் யார் பெயரில் இருந்தது? 1960-ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டம், நிலம் துண்டு துண்டாகிவிடக் கூடாது என்று கருதியது. நோக்கம் நல்லதுதான். நடைமுறையில் கணவர் பெயரே பதிவாயிற்று. மணமுறிவு ஏற்பட்டால், தான் நட்ட மரங்களை விட்டு அந்தப் பெண் வெளியேற வேண்டியிருந்தது. கணவர் இறந்தால் வாரிசுகளுக்குள் இழுபறி. பிள்ளைகள் உள்ள விதவைக்குப் ஃபராயிள் முறைப்படி எட்டில் ஒரு பங்கு. தம்பதியர் சேர்ந்து உழைத்துச் சேர்த்த சொத்தில், "ஹார்த்தா செபென்சாரியான்" என்ற முறையில், ஷரியா நீதிமன்றத்தில் தனியாகவும் பங்கு கோரலாம். அதற்கு வழக்கு, அலைச்சல், செலவு எல்லாம் வேண்டும். 2002-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே மனைவியோ முன்னாள் மனைவியோ கூட்டு உரிமையாளராகப் பதிவு பெற வழி பிறந்தது. முதல் கோடாரி விழுந்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது. அதற்குள் எத்தனையோ தாய்மார்கள் மையவாடிக்குப் போய்விட்டார்கள்.

எங்கள் வீட்டில் பாட்டனாரின் பழைய 555 கணக்குப் புத்தகங்கள் சில இன்னும் இருக்கின்றன. பெருநாளுக்கு எடுத்த சாரோங், பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, தெலெக்கோங் எல்லாம் அவற்றில் பெண்கள் பெயரிலேயே எழுதப்பட்டுள்ளன. மாதம் இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளி என்று கொடுத்துக் கடனைத் தீர்த்தவர்களும் அவர்களே. கடன் புத்தகத்தில் இருந்த பெயர் நிலப் பட்டாவில் இல்லை.

இதை மலாய்க் குடும்பங்களின் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நம் பாட்டிமார்கள் அம்மியில் மசாலை அரைத்தார்கள், விடிய விடிய மாவு ஆட்டினார்கள். ஊரில் இருந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் கணவரைப் பிரிந்து பிள்ளைகளை வளர்த்தார்கள். கடையின் லைசென்ஸில், வீட்டுப் பத்திரத்தில், வங்கிக் கணக்கில் அவர்களில் எத்தனை பேரின் பெயர் இருந்தது? பெண்ணுக்குச் சொத்துரிமை தந்த மார்க்கத்தைப் பின்பற்றும் நாம் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடக் கூடாது.

ஐம்பது ஆண்டு கண்ட நம் சங்கம் அடுத்த ஆண்டுகளில் இரண்டு காரியங்களைச் செய்யலாம். ஒன்று, உயிரோடிருக்கும் மூத்த தாய்மார்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்வது. மற்றொன்று, ஹிபா, உயில், கூட்டுப் பதிவு பற்றி உறுப்பினர் குடும்பங்களுக்கு, பெண்களையும் உட்காரவைத்து, விளக்கக் கூட்டம் நடத்துவது. பேச்சில் அன்னையைப் புகழ்வதோடு பத்திரத்திலும் அவர் பெயரை எழுதிவைப்போம். காட்டைத் தோட்டமாக்கி மறைந்த அந்தத் தாய்மார்களுக்கு வல்ல அல்லாஹ் உயர்ந்த சுவனத்தை அருள்வானாக, ஆமீன்.