19 டாலர் ஸ்கோப்பின் கதை



துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கிக்கு ஸ்கோப் என்று பெயர். 1930 வரை அமெரிக்காவில் அது வசதியானவர்களின் பொருள். நல்ல ஸ்கோப்புகள் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து வந்தன. சாதாரண வேட்டைக்காரர் விலையைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியிருந்த அந்த 1930-இல், வில்லியம் வீவர் என்ற இளைஞர் '3-30' என்ற ஸ்கோப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பொருத்தும் தாங்கியோடு சேர்த்து விலை 19 டாலர். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்களே, அதுதான். வேட்டைக்கு அது போதுமானதாக இருந்தது.

பிறகு உலகப் போர் வந்தது. மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் வீரர்களுக்காக, 1943-இல் அமெரிக்கத் தரைப்படை எம்1903ஏ4 துப்பாக்கியைக் கொண்டுவந்தது. விலை கூடிய லைமன் அலாஸ்கன் ஸ்கோப் போதிய அளவு கிடைக்கவில்லை. ஆகவே வீவரின் மலிவான ஸ்கோப்பே அதில் ஏறியது. மழையிலும் ஈரத்திலும் அதன் கண்ணாடி உள்ளே மங்கியது. அந்தத் துப்பாக்கியில் குறிபார்க்கும் இரும்பு முனைகளும் கிடையாது. ஸ்கோப் மங்கினால் வீரனுக்கு வேறு வழியில்லை.

அதே மங்கல் வேட்டைக்காரருக்கு நேர்ந்தால் ஒரு மான் தப்பும். போர்வீரனுக்கு நேர்ந்தால் உயிரே போகும். பிள்ளைகளே, எந்தப் பொருள் வாங்கினாலும், முதலில் அது செய்ய வேண்டிய வேலையைப் பாருங்கள். விலையை அடுத்துப் பார்க்கலாம்.