பீர் ஆலையில் பிறந்த சராசரிக் கணக்கு

முழுமைத்தொகுதி ஒன்றின் சராசரியை ஒரு சில மாதிரிகளைக் கொண்டு மதிப்பிட இன்று இரண்டு கருவிகள் வழக்கில் உள்ளன. ஒன்று நம்பிக்கை இடைவெளி, மற்றொன்று கருதுகோள் சோதனை. சிறு மாதிரிகளுக்கு இவ்விரண்டும் நம்பியிருக்கும் டி-பரவல், டப்ளினில் உள்ள கின்னஸ் பீர் ஆலையின் அன்றாடத் தொல்லையிலிருந்து பிறந்தது.

ஆர்தர் கின்னஸ் 1759இல் ஆண்டுக்கு 45 பவுன் வாடகையில் 9,000 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த செயின்ட் ஜேம்ஸ் கேட் ஆலை, 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் உலகின் மிகப் பெரிய பீர் ஆலைகளுள் ஒன்றாகிவிட்டது. ஹாப்ஸ் பூவை முகர்ந்தும் கசக்கியும் தரம் சொல்லும் பழைய வழக்கம் அந்த அளவுக்குப் போதவில்லை. ஆகவே 1890களில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டதாரிகளை நிர்வாகம் வேலைக்கு எடுக்கத் தொடங்கியது. அவர்களில் ஒருவர் வில்லியம் சீலி கோசெட். வேதியியலும் கணிதமும் படித்துவிட்டு 1899இல் சேர்ந்தபோது அவருக்கு வயது 23.

மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லியிலிருந்து இறங்கும் சாற்றின் இனிப்பு, பீப்பாய்க்கு 133 டிகிரி அளவில் நிற்க வேண்டும் என்பது ஆலையின் எதிர்பார்ப்பு. ஒரே மால்ட்டை இருமுறை அளந்தாலும் எண் ஒத்துப்போகாது. எத்தனை முறை அளந்தால் சராசரியை நம்பலாம்? கோசெட் போட்ட கணக்கு இது: இருமுறை அளந்தால், சராசரி உண்மையிலிருந்து அரை டிகிரிக்குள் இருப்பதற்கான சாதகம் ஒன்றுக்கு நான்கு. மூன்று முறை என்றால் ஒன்றுக்கு ஏழு, நான்கு முறை என்றால் பன்னிரண்டு, ஐந்து முறை என்றால் பத்தொன்பது. 82 முறை அளந்தால் நடைமுறையில் ஐயத்துக்கே இடமில்லை. ஆனால் எந்த ஆலையும் அதற்குச் செலவழிக்காது. எத்தனை அளவீடு போதும் என்பது அவரைப் பொறுத்தவரை செலவையும் பார்த்துச் சொல்ல வேண்டிய விடை. பின்னாளில் இந்தக் கருவிகளைக் கையாண்ட பலர் மறந்துபோன பக்கம் இதுதான்.

1904இல் பிழை விதியை ஆலைப் பணிக்குப் பயன்படுத்துவது பற்றி நிர்வாகத்துக்கு அறிக்கை அளித்தார். மறு ஆண்டு, கிராமத்தில் கோடை விடுமுறையில் இருந்த புள்ளியியலாளர் கார்ல் பியர்சனைச் சைக்கிளில் போய்ப் பார்த்தார். 1906-07இல் லண்டனில் பியர்சனின் ஆய்வுக்கூடத்தில் இருந்து பயின்றார். பியர்சனின் முறைகள் நூற்றுக்கணக்கான அளவீடுகளுக்கு ஏற்றவை. அந்த எண்ணிக்கையில் மாதிரியின் திட்ட விலக்கத்தையே முழுமைத்தொகுதியின் திட்ட விலக்கமாகக் கொண்டு, இயல்நிலைப் பரவலின் அட்டவணையைப் பார்த்தால் போதும். நான்கைந்து அளவீடுகளில் அது செல்லாது. அங்கே திட்ட விலக்கமே மாதிரிக்கு மாதிரி தடுமாறும், பெரும்பாலும் குறைவாகவே வரும். குறைந்த எண்ணை நம்பினால் முடிவின் உறுதி தகுதிக்கு மீறித் தெரியும்.

தடுமாற்றம் எவ்வளவு என்பதைக் கோசெட் முதலில் சோதித்துப் பார்த்தார், பிறகு கணிதத்தால் வகுத்தார். 3,000 கைதிகளின் உயரமும் இடது நடுவிரல் நீளமும் பதிவான அட்டவணை ஒன்று அச்சில் இருந்தது. அவற்றை 3,000 அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக எடுத்து 750 மாதிரிகள் ஆக்கினார். ஒவ்வொன்றின் சராசரி, விலக்கம் எல்லாம் கையால் கணக்கிடப்பட்டவை. கணினி இன்று நொடியில் செய்யும் செயற்கைச் சோதனையின் ஆரம்பகால உதாரணங்களுள் இது ஒன்று.

முடிவு 1908இல் 'பயோமெட்ரிகா' இதழில் வந்தது. ஊழியர்கள் தம் பெயரில் ஆய்வு வெளியிட ஆலை அனுமதிக்கவில்லை. எனவே 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயர். கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டிய கணக்குகளுள் ஒன்று தூக்க மருந்து பற்றியது. பத்து நோயாளிகளுக்கு இரண்டு மருந்துகளும் வெவ்வேறு நாட்களில் தரப்பட்டன. முதல் மருந்தைவிட இரண்டாம் மருந்தில் ஒன்பது பேருக்குத் தூக்கம் கூடியது, ஒருவருக்கு வேறுபாடே இல்லை. சராசரி உயர்வு 1.58 மணி நேரம். இரண்டாவதே சிறந்தது என்பதற்குச் சாதகம் ஒன்றுக்கு 666 என்று எழுதினார். மருந்துகளின் பெயரை அவர் தவறாகக் குறித்திருந்தார் என்பது வேறு கதை, கணக்கில் பிழையில்லை.

கட்டுரையை அன்று பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. இவ்வளவு சிறிய மாதிரியை எடுப்பது பீர் காய்ச்சுகிறவர்களின் சேட்டை என்ற பொருளில் பியர்சனே கடிதத்தில் கேலி செய்தார். கைகொடுத்தவர் இளைஞரான ரொனால்டு ஃபிஷர். 1912இல் அவர் முழு நிரூபணத்தை எழுதி அனுப்பினார். பின்னர் வாய்பாட்டை இன்றைய டி-பரவல் வடிவுக்கு மாற்றினார். 1922இல் தன் அட்டவணையை ஃபிஷருக்கு அனுப்பிய கோசெட், இதைப் பயன்படுத்தப்போகிறவர் நீங்கள் ஒருவர்தான் என்று எழுதினார். மூன்றே ஆண்டில் வெளியான ஃபிஷரின் பாடநூல் அந்தக் கணிப்பைப் பொய்யாக்கியது. வேறுபாடு தற்செயலானதா என்று தீர்மானிக்க வசதியான எல்லையாக அதில் சொல்லப்பட்ட 5 சதவீதம் நாளடைவில் சட்டம்போல் இறுகிவிட்டது.

கருதுகோளை நிராகரிப்பதென்றால் எதிரே வேறொரு கருதுகோள் இருந்தாக வேண்டும் என்ற யோசனையை, கார்ல் பியர்சனின் மகன் எகானுக்கு 1926இல் எழுதியவரும் கோசெட்தான். எகானும் போலந்துக் கணிதர் ஜெர்ஸி நெய்மானும் அதை வளர்த்து 1933இல் முறையான கோட்பாடாக்கினர். 1934இல் நெய்மான் நம்பிக்கை இடைவெளியை லண்டனில் முன்வைத்தபோது, 'நம்பிக்கை' என்று சொல்லி ஏமாற்றும் வித்தையோ இது என்று புள்ளியியலாளர் ஆர்தர் பௌலி ஐயப்பட்டார். அந்த ஐயத்தில் நியாயம் இல்லாமலில்லை. 95 சதவீத நம்பிக்கை என்பது கையில் உள்ள ஓர் இடைவெளியைப் பற்றிய கூற்று அன்று. இதே முறையில் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து இடைவெளிகள் உண்மைச் சராசரியை உள்ளடக்கும் என்பதே பொருள்.

தூக்க மருந்துக் கணக்கில் திட்டப்பிழை 0.389 மணி. அதை இயல்நிலை அட்டவணையின் 1.96ஆல் பெருக்கி, சராசரியோடு கூட்டியும் கழித்தும் பார்த்தால் இடைவெளி 0.82 முதல் 2.34 மணி வரை. பத்து அளவீடுகளுக்கு டி-அட்டவணை தரும் எண் 2.262; இடைவெளி 0.70 முதல் 2.46 ஆக விரிகிறது. சுழி உள்ளே இல்லை. ஆகவே 5 சதவீதச் சோதனையும் 'வேறுபாடில்லை' என்பதை நிராகரிக்கும். ஆனால் நோயாளிக்குக் கூடுதலாகக் கிடைப்பது முக்கால் மணித் தூக்கமா இரண்டரை மணியா என்பதைச் சோதனையின் தீர்ப்பு மட்டும் சொல்லாது, இடைவெளி சொல்லும்.

நம்பிக்கை இடைவெளி பற்றிய நெய்மானின் விரிவான கட்டுரை வந்த 1937ஆம் ஆண்டின் அக்டோபரில் கோசெட் காலமானார். 5 சதவீத எல்லையைத் தாண்டியதா இல்லையா என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் அறிக்கை வெளியிட்டது.