நாகசுரம், கற்போருக்கான

நாகசுரம் கற்கத் தொடங்கும் மாணவருக்கு முதன்முதலாக வாங்கித் தரப்படும் கருவியைப் பற்றியது இக்கட்டுரை. மேலை நாட்டு ட்ரம்பெட்டில் மாணவர் வகை, இடைநிலை வகை, தொழில்முறை வகை என்று தொழிற்சாலைகளே தரம் பிரித்து விலை வைக்கின்றன. நாகசுரத்தில் அப்படியொரு பிரிவு கிடையாது. ஒரே ஆசாரி, ஒரே கடைசல் பட்டறையில், வித்துவானுக்கும் சிறுவனுக்கும் ஒரே மரத்தைத்தான் கடைகிறார். ஆகவே மலிவான கருவி என்பது பெரும்பாலும் இன்னொருவர் ஊதிப் பழகிவிட்ட கருவியாகவே இருக்கும்.

இக்கட்டுரை அரியக்குடி மாணவரை மனத்தில் கொண்டது. சிவகங்கை மாவட்டம் காரைக்குடியை அடுத்த அரியக்குடி, பித்தளைக் குத்துவிளக்குக்கும் திருவேங்கடமுடையான் கோயிலுக்கும் பேர்போன ஊர். கர்நாடக இசைக் கச்சேரிக்கு இன்றுள்ள அமைப்பை வகுத்துக் கொடுத்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) பிறந்ததும் இங்கேதான். உலோக வேலைக்குக் கைதேர்ந்த ஊர் என்றாலும் நாகசுரம் இங்கே பிறப்பதில்லை. புதுக்கோட்டை, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகக் காவிரிக் கரைக்குப் போய்த்தான் வாங்கிவர வேண்டும். ஆடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் இடையிலுள்ள நரசிங்கம்பேட்டைதான் அந்த ஊர்.

மரம்

சங்க நூல்களில் நாகசுரம் என்ற பெயர் இல்லை. 13ஆம் நூற்றாண்டுச் சங்கீத ரத்னாகரம் கூறும் மதுகரி என்ற துளைக்கருவியைச் சிலர் இதன் மூதாதை என்பர். தமிழ் மரபில் வங்கியம் என்ற குழலைக் காட்டுவோரும் உண்டு.

வங்கியத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் விரிவான செய்தி, சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையில் உள்ளது. மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என ஐந்து பொருள்களை அவர் சொல்கிறார். மூங்கிலை முதல் தரத்திலும் வெண்கலத்தை அடுத்தும் வைத்து, மற்றவற்றைக் கடைசியில் தள்ளுகிறார். ஆனால் தம் காலத்து வழக்கில் கருங்காலியே மேலோங்கி நின்றதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறார். இலக்கணம் ஒன்று சொல்ல, ஊதுகிறவர்கள் வேறொன்றை விரும்பியிருக்கிறார்கள். கடினமான, கனத்த, கருநிற மரத்தின் மேல் தமிழ் ஊதுகருவிக்காரர்களுக்கு இருந்த நாட்டம் அப்போதே தொடங்கிவிட்டது.

அந்த உரையில் மரத்தை ஆறவைக்கும் முறை இன்னும் முக்கியமானது. முற்றிய பெருமரத்தை வெட்டி நிழலில் போட்டுவிட வேண்டும். அது திருகுகிறதா, பிளக்கிறதா என்று பார்த்து, ஓராண்டு கழிந்த பின்புதான் அளவுபடி கருவி செய்ய வேண்டும். நீளம் இருபது விரல், சுற்றளவு நாலரை விரல் என்று அளவும் தரப்பட்டுள்ளது. விரலை முக்கால் அங்குலமாகக் கொண்டால் பதினைந்து அங்குலம் வரும். இன்றைய பாரி நாகசுரத்தில் ஏறக்குறைய பாதி.

விரல் வைக்கும் முறையையும் அவர் விடவில்லை. இடக்கையில் பெருவிரலும் சிறுவிரலும் நீங்கலாக மூன்று, வலக்கையில் பெருவிரல் நீங்கலாக நான்கு, ஆக ஏழு விரல். நாகசுரத்தில் இன்றும் இதே ஏழு விரல்தான். பின்பக்கத்தில் கட்டைவிரலுக்குத் துளை கிடையாது. கருவியின் வடிவமும் வாய்ப்பகுதியும் மாறியிருக்கலாம், கை மாறவில்லை.

நரசிங்கம்பேட்டை ஆசாரிகள் எடுக்கும் மரம் ஆச்சா. இந்திய மரங்களில் மிகக் கனமானவற்றுள் இது ஒன்று. தண்ணீரில் போட்டால் மூழ்கும். புதிதாக வெட்டிய ஆச்சா உதவாது. பல பத்தாண்டுகள் வெயிலும் மழையும் கண்டு ஈரம் முழுக்க வற்றிய கட்டையே வேண்டும் என்பதால், இடித்த பழைய வீடுகளின் தூண்களும் உத்தரங்களும் பட்டறைக்கு வந்து சேர்கின்றன. உரையாசிரியரின் ஓராண்டு நிழல் இங்கே ஒரு வீட்டின் ஆயுளாக நீண்டுவிட்டது. பழைய வீட்டு மரம் வாங்கக் காரைக்குடிக்கு ஊரெங்குமிருந்து ஆள் வருவது தெரிந்ததே. ஆனால் செட்டிநாட்டு வீடுகளின் பெருமையான பர்மாத் தேக்கு, நாகசுரத்துக்கு ஆகாது. தச்சனுக்குப் பிடித்த மரம் வேறு, நாயனம் என்றும் சொல்லப்படும் நாகசுரத்துக்குப் பிடித்த மரம் வேறு.

மரமல்லாத பொருள்களிலும் நாகசுரம் செய்திருக்கிறார்கள். கும்பகோணம் ஆதிகும்பேசுவரர் கோயிலில் கல் நாகசுரம் உண்டு. வெள்ளியிலும் தங்கத்திலும் செய்து பரிசளித்த செல்வர்கள் இருந்தார்கள். இவற்றைக் கண்ணால் பார்க்கலாம். மாணவர் வாங்கும் பட்டியலில் இவற்றுக்கு இடமில்லை.

வகைகள்

நாகசுரம் மூவகைப்படும். குறுகியது திமிரி, நீண்டது பாரி, இரண்டுக்கும் நடுவில் இடைப்பாரி. குழல் குறையக் குறையச் சுருதி ஏறும். திமிரி நான்கு, ஐந்து கட்டையில் பேசும். இடைப்பாரி மூன்று கட்டையை ஒட்டியது. பாரி இரண்டு, இரண்டரைக் கட்டையில் நிற்கும். மேலை முறையில் சொன்னால் இரண்டு கட்டை என்பது டி என்ற சுரம்.

முற்காலத்தில் கோயில்களில் ஒலித்தது திமிரி. நான்கு வீதியிலும் சுவாமி புறப்பாட்டுக்கு முன்னே நடந்துகொண்டே ஊதவும், கூட்டத்தின் இரைச்சலைத் தாண்டிக் கேட்கவும் அந்த உச்சக் குரல் தேவைப்பட்டது. பக்கத்தில் ஒருவர் சுருதிக்காக ஒத்து என்ற குழலை ஊதுவார். திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வந்து இந்த ஏற்பாட்டையே புரட்டிப் போட்டார். பாரியைக் கையில் எடுத்தார்; ஒத்தை விலக்கித் தம்பூராவை வைத்துக்கொண்டார்; கச்சேரி மேடையில் பாட்டுக்காரருக்குச் சமமாக உட்கார்ந்தார். அவர் ஊதியதை வானொலியிலும் இசைத்தட்டிலும் கேட்டு வளர்ந்த தலைமுறை திமிரியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பாரியில் ஒரு குறை இருந்தது. மத்திமச் சுரத்தின் இரு வகையில் பிரதி மத்திமம் எளிதில் வந்தது. சுத்த மத்திமத்தைப் பிடிக்க உதட்டாலும் விரலாலும் போராட வேண்டியிருந்தது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி குழலின் அளவுகளையும் துளைகளின் இடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, சுத்த மத்திமம் தானாகவே பேசும் பாரியை 1955இல் உருவாக்கினார். ராஜரத்தினம் 1956 டிசம்பரில் மறைந்தார். பெரும் வித்துவானுக்காகச் செய்த திருத்தத்தின் பலன் அவருக்குக் கொஞ்ச காலமே கிடைத்தது. அதற்குப் பின் கற்க வந்த ஒவ்வொரு பையனுக்கும் அது முதல் நாளிலிருந்தே வாய்த்தது. சுத்த மத்திமம் நிற்காத பழைய கருவி ஒன்று குறைந்த விலைக்குக் கிடைத்தால், அந்த விலைக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

மாணவருக்கு உகந்தது பாரியே. சிறுவரின் வலக்கைச் சிறுவிரல் ஏழாம் துளைக்கு எட்டாது என்று சொல்லிச் சிலர் இடைப்பாரியில் தொடங்குவிப்பதும் உண்டு.

உறுப்புகள்

கருவியின் நீண்ட மரக்குழல் உலவு. அதன் அடியில் புனலைப்போல் விரிந்து பொருந்துவது அணசு. உலவில் பன்னிரண்டு துளைகள். மேலுள்ள ஏழும் விரலுக்கானவை. கீழுள்ள ஐந்தில் விரல் படாது, மெழுகிட்டுச் சுருதியைச் சரிசெய்ய மட்டும் பயன்படும். குழலின் தலையில் செருகும் சிறு உலோகக் குழாய் கெண்டை. கெண்டையின் மேல் பொருத்தப்படுவது சீவாளி. உதடு படுவது இதில்தான்.

விலையைப் பேசுகிறவர்கள் மரத்தைப் பேசுகிறார்கள். செலவு வைப்பது சீவாளி. ட்ரம்பெட்டின் ஊதுவாய் உலோகம். ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் போதும். சீவாளி காவிரிக் கரையில் வளரும் கொறுக்கைத் தட்டையை உலர்த்தி, வேகவைத்துப் பதப்படுத்திக் கட்டுவது. எச்சில் பட்டு, பல் பட்டு, காற்றின் அழுத்தத்தில் தேய்ந்து வாய் திறந்துபோகும். திருவாவடுதுறைச் சீவாளிக்குத் தனிப் பெயர் உண்டு. வித்துவான்கள் நாயனத்தின் தலையில் கயிற்றில் கோத்து நாலைந்து சீவாளிகளையும் அவற்றைப் பதம் பார்க்கும் தந்த ஊசியையும் தொங்கவிடுவது அழகுக்காக அல்ல. வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று கைவிட்டால் அடுத்தது தயாராக வேண்டும். கற்றுக்குட்டியின் உதடு பக்குவப்படாதது. சீவாளி இன்னும் வேகமாக வீணாகும். கையிலுள்ள பணம் முழுவதையும் கருவிக்குக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு சீவாளியோடு வீட்டுக்கு வரும் பெற்றோர், ஒரு மாதத்தில் மறுபடி கும்பகோணம் பேருந்தில் ஏறுவார்கள்.

வாங்குதல்

கருவியை ஆசிரியரோடு போய் வாங்குவதே முறை. தொடங்கும் மாணவரால் எந்த நாகசுரத்திலும் சுத்தமான சுரம் எழுப்ப முடியாது. எனவே குறை கருவியிலா, ஊதுபவரிடமா என்று அவருக்குத் தெரியாது. ஊதிப் பார்த்துச் சொல்ல இன்னொரு வாய் வேண்டும்.

பழைய கருவியில் முதலில் பார்க்க வேண்டியது வெடிப்பு. மேலே எண்ணெய் பூசினால் மயிரிழை வெடிப்பு மறைந்துவிடும். குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தால் தெரியும். துளையிட்ட பாதை நேராக இருக்கிறதா என்பதும் அப்போதே விளங்கிவிடும். கெண்டை தளர்ந்திருந்தால் காற்று கசியும். ஆனால் கெண்டையை மாற்றிக்கொள்ளலாம், அணசையும் மாற்றிக்கொள்ளலாம். உலவில் குறை இருந்தால் மாற்ற வழியில்லை. பிறகு சுருதிப் பெட்டியை வைத்து, சட்சம், பஞ்சமம், சுத்த மத்திமம் மூன்றையும் ஆசிரியர் ஊதிப் பார்க்க வேண்டும். நாகசுரத்தில் அரைச்சுரங்களைத் தனித் துளைகள் தருவதில்லை. துளையைப் பாதி திறந்தும் உதட்டை இறுக்கியும் அவற்றை எடுக்க வேண்டும். அடிப்படைச் சுரங்களே பிசகி நிற்கும் கருவியில் பழகுகிற மாணவரின் உதடு, அந்தப் பிசகைச் சரிக்கட்டவே கற்றுக்கொண்டு, நல்ல கருவி கைக்கு வரும் நாளில் தடுமாறும்.

இன்னொரு செய்தி, ட்ரம்பெட் பெரும்பாலும் பி ஃபிளாட் சுருதியில் வருவதுபோல நாகசுரம் ஒரே சுருதியில் வருவதில்லை. இரட்டை நாயனமாக வாசிக்க எண்ணுவோர் ஒரே பட்டறையில் ஒரே சுருதிக்குச் சேர்த்துக் கடைந்த இணையை வாங்குவர். அண்ணன் தம்பி இருவரும் கற்கும் வீடுகளில் இதை முன்கூட்டியே யோசிப்பது நல்லது. பின்னால் ஒன்றுக்கு இணை தேடுவது கடினம்.

முதல் சில மாதங்களுக்குக் கருவியே தேவையில்லை என்பது பழைய ஆசிரியர்களின் கொள்கை. பாடக் கற்றுக்கொள்ள வேண்டும். ஸரளி வரிசையும் அலங்காரமும் தொண்டையில் நின்ற பிறகு குழலைத் தொட்டால் போதும். பிள்ளைக்கு உண்மையிலேயே நாட்டம் இருக்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். இதைவிடச் சிக்கனமான வழி வேறில்லை.

பேண்டு வாத்தியம்

செட்டிநாட்டுக் கல்யாணங்களில் மேளத்தோடு பேண்டும் நுழைந்து நெடுநாள் ஆகிறது. ட்ரம்பெட் கற்க விரும்பும் மாணவருக்கு வட இந்தியாவில் மீரட் நகரத்துப் பித்தளைக் கருவிகள் மலிவாகக் கிடைக்கும். அங்கே நாதிர் அலி நிறுவனம் 1885இல் தொடங்கப்பட்டது. சென்னை மவுண்ட் ரோட்டில் 1842 முதல் இசைக்கருவி விற்கும் மியூஸி மியூசிக்கல் போன்ற கடைகளில் யமஹா முதலிய வெளிநாட்டுக் கருவிகள் உண்டு. பிஸ்டன் மூன்றும் ஒட்டாமல் ஏறி இறங்குகின்றனவா என்று பார்த்து வாங்கினால் போதுமானது.

பயிலும் இடங்கள்

சிவகங்கையில் கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. 12 முதல் 25 வயதுக்குட்பட்டோர் மூன்றாண்டு பயிலலாம். நாகசுரமும் தவிலும் பாடங்களில் உண்டு. பழனி தேவஸ்தானமும் நாகசுர தவில் பள்ளி நடத்துகிறது. குருவின் வீட்டில் தங்கிக் கற்பது அருகிவிட்டது. அந்த முறையில் கருவிச் சிக்கலே எழுந்ததில்லை. குரு ஊதிப் பழையதாகிப்போன நாயனம் சீடனின் கைக்கு வரும், அவன் தனக்கென ஒன்று வாங்கியதும் அது அடுத்த சீடனுக்குப் போகும்.

இன்றைய நிலை

நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆச்சா மரத் தட்டுப்பாடு உண்டு. இணையத்திலும் விற்பனை நடைபெறுகிறது.