கசிவு

‘கசி’ என்னும் வினையடியிலிருந்து வந்த பெயர்ச்சொல். ஈரம் மெல்ல ஊறி வெளிப்படுவது முதற்பொருள்; மனம் நெகிழ்வது வழிப்பொருள், பக்தி இலக்கியத்தில் பெரிதும் பயில்வது. சிதம்பரத்தை அடுத்த கீரப்பாளையம் வட்டார நெல்வயல்களில், நண்டு வளை வழியே வரப்பில் நீர் கசிவது முதற்பொருளுக்குச் சான்று.

கணினித் துறையில் ‘நினைவகக் கசிவு’ என்பது, நிரல் கேட்டுப் பெற்ற நினைவகத்தை வேலை முடிந்தும் திருப்பித் தராதிருத்தல். உண்மையில் எதுவும் வெளியே வழிவதில்லை, இது வாராக்கடன். ஆயினும் மெல்ல நிகழ்வதால் ‘ஒழுக்கு’ என்பதைவிடக் ‘கசிவு’ பொருத்தமே.

பைத்தான் நிரல்மொழியின் வழக்கமான இயக்கச் சூழல் ஒவ்வொரு பொருளையும் எத்தனை இடங்கள் சுட்டுகின்றன என எண்ணி வைக்கிறது. எண்ணிக்கை சுழியானால் இடம் விடுவிக்கப்படும். ஒன்றையொன்று சுட்டும் பொருள்களைத் தனியொரு குப்பை சேகரிப்பான் கண்டுபிடிக்கும். சி மொழியில் எழுதிய நீட்சி, கூட்டிய எண்ணிக்கையைக் குறைக்க மறந்தால் இரண்டும் உதவா, இடம் கசியும். ஒருமுறை கூடுதலாகக் குறைத்துவிட்டாலோ, பயன்பாட்டிலுள்ள பொருளே அழிந்து நிரல் முறியக்கூடும். இது கசிவைவிடக் கொடிது: முறிவு வேறெங்கோ தோன்றும்.

2014இல் பைத்தான் 3.4 பதிப்புடன் வந்த டிரேஸ்மாலாக் என்னும் கருவி, இரு நேரங்களின் நினைவகப் பதிவுகளை ஒப்பிட்டு, வளரும் வரியைக் காட்டும். சி நீட்சி நேரடியாகப் பெறும் நினைவகம் அதன் கண்ணில் படாது; அதற்கு வால்கிரிண்ட் போன்ற கருவி வேண்டும். முத்து அண்ணாமலையின் ‘எழில்’ தமிழ் நிரல்மொழியும் பைத்தானில் எழுதப்பட்டதே. அதன் நினைவகத்தையும் பைத்தானே மேலாள்கிறது.