கூரத்து மண்டபமும் நம் கூட்டங்களும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா எங்ஙனம் நடைபெறும் என்பதை யாவரும் அறிவீர்கள். கலியாண மண்டபம் ஒன்று வாடகைக்கு அமர்த்தப்பெறும். கடவுள் வாழ்த்து, வரவேற்பு, மாலை, பொன்னாடை, மீண்டும் மாலை என்று முற்பகல் கழியும். இலை போடுதற்குச் சிறிது முன்னர் ஒருவர் எழுந்து நம் குலத்தின் தொன்மையை எடுத்துரைப்பார். அவ்வுரையில் ஆண்டும் இராது, ஊரும் இராது, சான்றும் இராது. முடிவில் நாம் அனைவரும் ஏதோ ஓர் அரசன் வழித்தோன்றல்கள் ஆகிவிடுவோம், கைதட்டுவோம், பந்திக்குச் செல்வோம். உற்றார் ஆண்டுக்கொருமுறை ஓரிடத்துக் கூடுதல் நன்றே. அதனை இகழ்வது என் கருத்தன்று. ஆயினும் வரலாற்றை அது நிகழ்ந்த இடத்தே சென்று, ஏட்டை முன்வைத்துக் கேட்பின் அதன் பயன் வேறாகும். அவ்வாறு கேட்பித்தற்கு நம் நாட்டார் பண்டே வழிவகுத்திருந்தனர். அதனைக் காஞ்சிக்கு அணித்தாகவுள்ள கூரம் என்னும் சிற்றூரைக் கொண்டு காட்டப் புகுகின்றேன்.

கூரத்துச் செப்பேடுகள் ஏழு. கி. பி. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவன் முதற் பரமேச்சுரவர்மன் வழங்கியவை. வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும் தமிழ்ப் பகுதி தமிழ் எழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன. ஹுல்ட்ஷ் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர் 1890-ஆம் ஆண்டில் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் முதல் தொகுதியில் இவற்றைப் பதிப்பித்தார். அவர் பார்த்தபோது இவை கூரத்துக் கோயில் தருமகர்த்தாவின் கைவசம் இருந்தன. ஐந்தாம் ஏட்டில் ஏறக்குறையப் பாதி அழிந்துபோயிருந்தது. எஞ்சியது எஞ்சியமைக்குக் காரணம் அவ்வூரார் வழிவழியாகப் பேணிவந்தமையே என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

இவற்றின் செய்தி யாது? வித்யாவிநீத பல்லவ பரமேச்சுர கிருகம் என்னும் பெயரால் கூரத்தில் ஒரு சிவன் கோயில் எடுக்கப்பெற்றது. வித்யாவிநீதன் என்பதற்குக் கல்வியாற் பணிவுற்றவன் என்பது பொருள். கோயிற்குப் பெயராக அமைந்த சொற்களுள் இதனினும் இனியது ஒன்றைப் பள்ளியாசிரியனாகிய யான் கண்டதில்லை! அக்கோயிலின் பொருட்டுப் பரமேச்சுரமங்கலம் என்னும் ஊர் இருபத்தைந்து பங்காக வகுக்கப்பட்டது. இருபது பங்கு நான்மறை வல்ல அந்தணர் இருபதின்மர்க்கு. மூன்று பங்கு கோயில் வழிபாட்டிற்கும் பழுது பார்த்தற்கும் உரியது. எஞ்சிய இரண்டுமே நாம் ஈண்டு நோக்கற்பாலன. ஒரு பங்கு கூரத்து மண்டபத்திற்கு நீரும் தீயும் அமைத்தற்கு. மற்றொரு பங்கு அம்மண்டபத்தே பாரதம் வாசித்தற்கு.

இவ்விரண்டு பங்கினையும் சற்றே நின்று எண்ணிப் பார்மின். பாரதம் வாசிப்போனுக்கு நிலம் விட்டது ஒருநாட் பரிசாகவன்று. ஆண்டுதோறும் விளைந்து அவன் குடும்பத்தைக் காக்கும் வாழ்வாகவே விட்டனர். நாமோ வெளியூரிலிருந்து வரும் சொற்பொழிவாளர்க்கு ஒரு பொன்னாடை போர்த்தி, பேருந்துக் கட்டணத்தைக் கொடுக்க மறந்து அனுப்பிவிடுகின்றோம். அதனினும் வியப்புத் தருவது நீருக்கும் தீக்கும் விட்ட பங்கு. கேட்க வருவோர்க்கு விடாய் எடுக்கும். பொழுது சாய்ந்தால் இருள் சூழும். தாகத்திற்குத் தண்ணீரும் ஓலை படித்தற்கு விளக்கும் இன்றேல் எத்துணைப் பெரும் புலவன் வந்தாலும் அவை கலைந்துபோகும். இதனைப் பட்டயம் எழுதினோர் உணர்ந்திருந்தனர். வாசிப்போனுக்கு ஒரு பங்கு, நீர் வார்த்து விளக்கேற்றுவோனுக்கும் ஒரு பங்கு. இரண்டும் ஒத்த அளவு. கூட்டம் நடத்திப் பழகியோர் இதன் நுட்பத்தை உடனே அறிவர். பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு வாய்க்கால் வெட்டி ஊரின் பரமேச்சுர தடாகத்திற்கு நீர் கொணர்ந்த செய்தியும் இப்பட்டயத்திலேயே உளது. வயலுக்கு நீரும் செவிக்குப் பாரதமும் ஒரே பட்டயத்தில் எழுதப்பட்டன.

நிற்க. இப்பட்டயத்தில் வேறொரு பகுதியும் உண்டு. அஃது அரசன் புகழ் பாடுவது. இலக்கக்கணக்கான சேனையோடு வந்த சாளுக்கிய விக்கிரமாதித்தன் கந்தை ஒன்றே உடையாகப் புறமிட்டு ஓடினான் என்று அது கூறும். பரமேச்சுரவர்மனுடைய யானையின் பெயர் அரிவாரணம், குதிரையின் பெயர் அதிசயம் என்பனவும் அதனாலே அறிகின்றோம். ஆனால் அதே விக்கிரமாதித்தன் 674-ஆம் ஆண்டில் வழங்கிய கத்வால் செப்பேட்டைப் படிப்போர்க்கு வேறொரு கதை கிடைக்கும். பல்லவரை வென்று காஞ்சியைக் கைக்கொண்டதாக அது பேசும். அவன் அப்போது காவிரித் தென்கரையில் உறையூரில் பாசறை கொண்டிருந்தான் என்றும் அதிற் காணலாம். ஒரே பகை, இரண்டு பட்டயம், இரண்டு வெற்றி!

ஒருமுறை எம் பள்ளி மாணாக்கரைக் கூரத்திற்கு அழைத்துச் சென்று, கோயிற் புறத்தே மரநிழலில் அமர்த்தி இவ்விரண்டையும் எடுத்துச் சொன்னேன். “ஐயா, அப்படியானால் பொய் சொன்னவர் யார்?” என்று ஒரு சிறுவன் வினவினான். “இருவரும் தாம் வென்ற நாளை மட்டுமே எழுதினர், தோற்ற நாளை எதிரி எழுதினான்” என்றேன். அவன் சிறிது நேரம் கோயிற் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்படியானால் இரண்டு பேருடைய ஏட்டையும் படிக்க வேண்டும்” என்றான். வகுப்பறையில் ஒரு திங்கள் முழுதும் சொல்லியும் ஏறாத செய்தி ஆங்கே ஒரு நாழிகையில் ஏறிற்று.

குல வரலாறு பேசும் நம்மவர்க்கும் இஃது உரியதே. அரசன் புகழை ஏடு கூறும். வயலில் ஏர் பூட்டினோன் பெயரையும் குழித்தறியில் அமர்ந்தோன் பெயரையும் தேடினால் கிடைப்பது அரிது. இரண்டாம் நந்திவர்மனுடைய காசாக்குடிச் செப்பேட்டில் தறியும் செக்கும் இறைக்கணக்கில் வருகின்றன. தறியிலிருந்து நெய்தவன் பெயர் அக்கணக்கிற்கு வேண்டுவதாயில்லை. நம் முன்னோருள் பெரும்பாலோர் அக்கணக்கின் மறுபுறத்தே நின்றவர்கள். அவர்களுக்கு மணிமுடி சூட்டிப் பேசுவதால் அவர்கள் உண்மையிற் செய்த தொழிலும் பட்ட பாடும் மறைந்துபோகின்றன. இதுவே எனக்குள்ள குறை.

கூரத்தை நினைப்போர் கூரத்தாழ்வானை நினையாதிரார். 1010-ஆம் ஆண்டில் அவர் அங்குப் பிறந்தார் என்பது வழிவழி வரும் கொள்கை. அவருடைய மாளிகையில் நாள்தோறும் வறியவர்க்கு அன்னம் இடப்பெறும் என்றும், இரவில் அக்கதவைச் சாத்தும் ஓசை காஞ்சியிற் பெருந்தேவித் தாயார் செவிவரை எட்டிற்று என்றும் குருபரம்பரைக் கதைகள் கூறும். அது கேட்டு நாணிய ஆழ்வான் தம் செல்வமெல்லாம் துறந்து, ஆண்டாள் என்னும் தம் மனைவியாரோடு திருவரங்கம் புறப்பட்டார் என்பர். நம் நாட்டில் ஒரு வீட்டின் கதவோசை இத்துணைக் காலம் நினைவில் நின்றது வேறெங்கேனும் உண்டோ? போதாயன விருத்தியைத் தேடி இராமாநுசரோடு காசுமீரம் சென்றபோது, ஆசிரியர் துயின்ற பின்னர் இரவு விளக்கொளியில் அந்நூலைப் படித்து நெஞ்சிற் பதித்துக்கொண்டவரும் இவரே என்பது மரபு. ஏடு கைவிட்டுப் போயிற்று; நூல் போகவில்லை. மண்டபத்தில் பாரதம் வாசிக்க விளக்கு வைத்த ஊரில், விளக்கொளியில் வாசித்ததை மறவாத ஒருவர் தோன்றினார் என்று எண்ணும்போது யான் களிப்படைவதுண்டு. இஃது ஆராய்ச்சியன்று, அன்பு என்க.

நூலை அவையிற் படித்துப் பொருள் கூறுதல் கூரத்தோடு நின்றதுமன்று. காஞ்சிக் குமரகோட்டத்தில் கச்சியப்பர் கந்தபுராணத்தை அரங்கேற்றியதாகச் சொல்லும் மண்டபத்தை நம் பெண்மக்களும் அறிவர். திருவொற்றியூரில் பாணினியின் இலக்கணம் விரித்துரைத்தற்கென்றே ஒரு மண்டபம் இருந்தது. தொண்டைநாட்டுச் சிற்றூர்களிலோ இன்றும் திரௌபதியம்மன் விழாவிற் பகலெல்லாம் பாரதப் பிரசங்கமும் இரவெல்லாம் கூத்தும் நடைபெறுகின்றன. வில்லிபுத்தூரார் பாட்டைப் பிரசங்கியார் இசையோடு சொல்ல, எழுத்தறியா மூதாட்டியும் அருச்சுனன் தபசு எந்நாள், துரியோதனன் படுகளம் எந்நாள் என்று விரல்விட்டு எண்ணுகின்றாள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முன்னர்க் கூரத்தில் நிலம் விட்டு வாசிப்பித்த அதே கதை! பங்கு நிலம் போயிற்று, வாசிப்பு நின்றபாடில்லை.

இனி வீடுகளைப் பற்றிச் சில கூறுவேன். பிரான்சு தேசத்தில் 1984-ஆம் ஆண்டு முதல், ஆண்டுக்கொருகாற் பழைய மாளிகைகளின் வாயில்களை எல்லார்க்கும் திறந்துவிடும் வழக்கம் ஏற்பட்டது. பின்னர் ஐரோப்பா முழுதும் அது பரவிற்று. சென்னையில் 2004 முதல் ஆகஸ்டு மாதத்திற் சென்னை நாள் கொண்டாடுகின்றனர். பழைய தெருக்களிலும் வீடுகளிலும் மரபு நடையும் சொற்பொழிவும் நிகழ்கின்றன. ஆயினும் அதே சென்னைத் திருவல்லிக்கேணியில், மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் நெடுங்காலம் வாழ்ந்து சுவடிகளை ஆராய்ந்த ‘தியாகராச விலாசம்’ 2012-ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. தமக்குக் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைக்க உதவிய தியாகராச செட்டியாரை மறவாமல் ஐயரவர்கள் இட்ட பெயர் அது. நன்றிக்கு அடையாளமாக நின்ற சுவர் தரையோடு தரையாயிற்று. தமிழ் படித்தோர் இத்துணைப் பேர் இருந்தும் என் செய்தோம்?

பேராசான் வீட்டிற்கே இந்நிலை எனின், நம் வீடுகளுக்குக் காவல் யார்? காஞ்சித் தெருக்களில் நீண்ட கூடமும் குழித்தறியும் முற்றமும் உடைய வீடுகள் ஆண்டுதோறும் குறைகின்றன. வண்டி நிறுத்துதற்காகத் திண்ணையை இடிக்கின்றனர். திண்ணை போனால் வழிப்போக்கன் அமரும் இடம் போயிற்று. பிள்ளைகள் பாடங் கேட்ட இடமும் போயிற்று. கோர்வைச் சேலைக்கு இருவர் ஒத்து நெய்த தறி எங்கே இருந்தது என்று பேரன் கேட்டால் காட்டுதற்குக் குழியும் இல்லை. வீட்டை இடிக்கும் நாளில் பரண்மேற் கிடந்த ஓலைக்கட்டும் பழம் பத்திரமும் மொய்க்கணக்கும் எடைக்குப் போகின்றன. இக்காகிதங்களில் நம் குலத்தின் மெய் வரலாறு உளது. அஃது எப்போதும் பெருமையாகவும் இராது. என் பாட்டனார் தம் தங்கை திருமணத்திற்காக வீட்டை ஈடு வைத்த பத்திரம் என்னிடம் உளது. வட்டி கட்டிய குறிப்புகள் அதன் முதுகிலேயே வரிசையாக எழுதப்பட்டுள்ளன. அவற்றைக் கூட்டிப் பார்த்த நாளில், எந்த அரசன் மெய்க்கீர்த்தியைப் படித்தபோதும் வாராத மதிப்பு அவர்மேல் எனக்கு வந்தது.

ஆதலின் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். வருமாண்டுக் கூட்டத்தைக் கூரத்தில் வைத்துக்கொள்வோமாக. காலையிற் சிவன் கோயில். யானையின் பின்புறம்போல் வளைந்தமைந்த தூங்கானை மாடம் அது. தமிழ்நாட்டில் கருங்கல்லால் எழுப்பிய கட்டடக் கோயில்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்று. அங்கேயே அமர்ந்து பட்டயத்தின் தமிழ்ப் பகுதியை ஒருவர் படிக்க, மற்றொருவர் பொருள் கூறுக. கத்வால் ஏட்டின் செய்தியையும் உடன் சொல்லுக. அதன்பின் ஆதிகேசவப் பெருமாளையும் கூரத்தாழ்வானையும் சேவித்து, பகலுணவு. ஊரிலிருந்து கிடைத்த பல்லவர் காலத்து நடராசர் திருமேனி சென்னை அரசாங்க அருங்காட்சியகத்தில் உளது; பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்ட அதற்கு வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். பிற்பகலில் இசைவுள்ள ஒரு வீட்டுத் திண்ணையில் கூடி, ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் வீட்டு ஏடு ஒன்றைக் கொண்டுவந்து அதில் உள்ளதை உள்ளவாறு படித்தல் வேண்டும். படம் எடுத்துக்கொண்டு ஏட்டை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம். பொன்னாடை வேண்டா.

தை மாதத்து அத்த நாள் ஆழ்வான் திருநட்சத்திரம் ஆதலால் அன்று கோயிலில் அடியார் கூட்டம் மிகும். அந்நாளைத் தவிர்த்து மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிக்கலாம். பட்டயம் படிக்கும் பொறுப்பை யான் ஏற்கின்றேன். குடிநீர்க் குடங்களையும், மாலை நேரத்திற்கு வேண்டிய விளக்குகளையும் கொணரும் பொறுப்பை ஏற்போர் தம் பெயரைக் காரியதரிசியிடம் முன்னரே கொடுத்துவைப்பார்களாக.