எழுபது வளைவும் ஒரு செல்போனும்

"மாமா, கொல்லிமலை போலாமா?" என்றான் அக்கா மகன். லீவுக்கு வந்திருக்கிறானே என்று நான் சட்டையைத் தேடினால், செல்போனை நீட்டுகிறான்! காரவள்ளி அடிவாரம், நம்ம அரசு பஸ், ஹாரன்... எல்லாம் அதற்குள்.

விளையாட்டின் பெயர் 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா'. 2017-ல் இந்தோனேசியாக்காரர்கள் தங்கள் ஊர் ரோட்டுக்காகச் செய்தது. நம்ம பையன்கள் சும்மா இருப்பார்களா? நம்ம பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடித்து, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் அதற்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

நிஜ ஊரும் விளையாட்டு ஊரும் இப்படி உரசிக்கொள்வது பழைய கதை. மைக்ரோசாஃப்ட் 1982-ல் விட்ட விமான விளையாட்டு, சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்ட் என்ற குட்டி விமான நிலையத்தில்தான் தொடங்கும். 2003 மார்ச் 30. மேயர் டேலி ராத்திரியோடு ராத்திரியாக புல்டோசர் அனுப்பி ஓடுதளத்தைக் கொத்திப்போட்டார். இன்று அங்கே பூங்கா. அதே வருஷம் வந்த புது விளையாட்டிலோ, மெய்க்ஸ் ஃபீல்டில் விமானம் ஜம்மென்று இறங்கியது!

பாரிஸ் கதை இன்னும் விசேஷம். 2014-ல் வந்த 'அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி', பிரெஞ்சுப் புரட்சிக் காலக் கதை. அதில் நோத்ர தாம் தேவாலயம் கூர்கோபுரத்தோடு நிற்கும். அந்தக் கோபுரமோ 19-ம் நூற்றாண்டில் கட்டியது. கோபுரம் இல்லாவிட்டால் இது நோத்ர தாமே இல்லை என்பார்களே ஜனங்கள்! 2019 ஏப்ரல் 15-ல் நிஜக் கோபுரம் எரிந்து விழுந்தபோது, 'விளையாட்டைப் பார்த்தே திரும்பக் கட்டிவிடலாம்' என்று பேச்சு கிளம்பியது. எப்படி முடியும்? அது ஜனங்கள் மனதில் இருந்த கோயில்.

கொல்லிமலைக்கும் அப்படி ஒரு மனப்படம் உண்டு. கொல்லிப்பாவை! பூதம் செய்த பொம்மை. காற்றடித்தாலும், இடி விழுந்தாலும், பூமியே குலுங்கினாலும் அழகு குறையாது என்கிறது சங்கப்பாட்டு. கெட்ட எண்ணத்தோடு வருகிறவனைச் சிரித்தே கொல்லும் என்பது கதை. வல்வில் ஓரியின் மலைக்கு வெளியூர்க்காரன் அன்று பயந்தது பாவைக்கு, இன்று வளைவுக்கு. அங்கேயே வாழ்கிறவர்கள் இரண்டு படத்திலும் இல்லை.

மருமகன் கால் மணி நேரத்தில் செம்மேடு சேர்ந்துவிட்டான். "வழியில யாருடா ஏறினா?"

"யாரும் இல்ல மாமா."

நான் ஒருமுறை நிஜ பஸ்ஸில் இறங்கியிருக்கிறேன். சோளக்காட்டில் பலாப்பழமும் மிளகு மூட்டையுமாக ஏறினார்கள். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, ஒவ்வொரு வளைவிலும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கூட வந்த கிழவி, "இன்னும் நாப்பதுதான்... இன்னும் முப்பதுதான்" என்று எண்ணிக்கொண்டே வந்தாள். அவர்களுக்கு அந்த நம்பர் போர்டுகள்தான் ஆஸ்பத்திரி தூரம்.

சொன்னதும் பையன் போனைக் கீழே வைத்தான். "அந்தப் பாட்டி எந்த ஸ்டாப்ல ஏறினாங்க மாமா?"

"சோளக்காடு."

"சந்தை போட்டோ இருக்கா? மேப் செய்ற அண்ணனுக்கு அனுப்பணும்."

என்னிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாமக்கல்லில் பஸ் ஏறுகிறோம்.